குரைக்காத நாய்: இல்லாத ஒன்று எப்படித் தடயமாகிறது?

அன்றிரவு நாய் நடந்துகொண்ட விதம் விசித்திரமானது என்றும் அதைக் கவனிக்க வேண்டும் என்றும் துப்பறிவாளர் ஷெர்லாக் ஹோம்ஸ் காவல்துறை ஆய்வாளரிடம் சொல்கிறார். நாய் ஒன்றும் செய்யவில்லையே என்று ஆய்வாளர் வியக்கிறார். அதுதான் விசித்திரம் என்று துப்பறிவாளர் மறுமொழி கூறுகிறார். துப்பறியும் இலக்கியத்தில் மிக அதிகமாக எடுத்தாளப்படும் உரையாடல்களில் இதுவும் ஒன்று. ஆனால் இதைச் சாமர்த்தியமான ஒரு மறுமொழி என்று மட்டும் ரசித்துவிட்டுக் கடந்துவிட்டால், அதனுள் இருக்கும் தர்க்க முறை நம் கைக்கு வராமல் போய்விடுகிறது. நிகழ்ந்த ஒன்றிலிருந்து உண்மையை அறிவது எல்லோருக்கும் பழக்கமானது. நிகழாத ஒன்றிலிருந்து உண்மையை அறிவது எப்படி என்பதே இக்கட்டுரையின் பொருள். வசதிக்காக இதனை இன்மைத் தடயம் என்று அழைப்போம்.

இந்த உரையாடல் இடம்பெறும் சிறுகதை 'சில்வர் பிளேஸ்'. ஆர்தர் கானன் டாயல் எழுதி, 1892 டிசம்பரில் லண்டனின் ஸ்ட்ராண்ட் இதழில் வெளிவந்தது. பிரிட்டனின் கிரனாடா தொலைக்காட்சி 1984 முதல் 1994 வரை தயாரித்த ஷெர்லாக் ஹோம்ஸ் தொடரில், 1988 ஏப்ரலில் இக்கதை ஓர் அத்தியாயமாக ஒளிபரப்பானது. ஜெரமி பிரெட் ஹோம்ஸாகவும் எட்வர்ட் ஹார்ட்விக் அவருடைய நண்பர் வாட்சனாகவும் நடித்தார்கள். 41 அத்தியாயங்கள் கொண்ட அந்தத் தொடருக்கு இன்றளவும் மதிப்புக் குறையாததற்குக் காரணம், அது மூலக் கதைகளின் தர்க்கத்தைப் பெரும்பாலும் சிதைக்காமல் காப்பாற்றியதுதான் என்று கருதுகிறேன். வாட்சனை வேடிக்கைக்குரிய மந்தபுத்திக்காரராக அது காட்டவில்லை. உடனிருந்து கவனிக்கும் அறிவுள்ள மருத்துவராகவே காட்டியது. அதனால் ஹோம்ஸ் தரும் விளக்கங்களை நாமும் அவருடன் சேர்ந்து எடைபோட முடிகிறது. கீழே வரும் விவரங்களை மூலக் கதையில் உள்ளபடி தருகிறேன். புதிரின் விடையை முன்கூட்டியே அறிய விரும்பாதவர்கள் அத்தியாயத்தைப் பார்த்துவிட்டு இங்கே திரும்புவது நல்லது.

இங்கிலாந்தின் தென்மேற்கில் டார்ட்மூர் என்னும் பரந்த தரிசு மேட்டுநிலம் உள்ளது. அங்கே கிங்ஸ் பைலண்ட் என்ற இடத்தில் கர்னல் ராஸுக்குச் சொந்தமான குதிரை லாயம் இருக்கிறது. அதன் பயிற்சியாளர் ஜான் ஸ்ட்ரேக்கர், முன்பு ஜாக்கியாக இருந்தவர். வெஸ்ஸெக்ஸ் கோப்பைப் பந்தயத்தில் வெல்லும் என்று எல்லோரும் எதிர்பார்க்கும் சில்வர் பிளேஸ் என்ற குதிரை அந்த லாயத்தில்தான் நிற்கிறது. லாயத்தில் வேலைசெய்யும் மூன்று பையன்களில் ஒருவன் இரவு முழுவதும் விழித்துக் காவல் இருப்பான், மற்ற இருவரும் மேலே உள்ள பரணில் உறங்குவார்கள். லாயத்தில் ஒரு நாயும் உண்டு.

ஒரு திங்கட்கிழமை இரவு, காவலிருந்த ஹண்டருக்குப் பணிப்பெண் இரவு உணவு கொண்டுபோகிறாள். அப்போது பந்தயத் தகவல்களைத் தேடி வந்த ஃபிட்ஸ்ராய் சிம்ப்சன் என்பவன் குறுக்கிட்டு, லாயத்தின் ஜன்னலருகே வந்து பேச்சுக் கொடுக்கிறான். ஹண்டர் நாயை அவிழ்த்துவிட ஓடுகிறான். அவன் திரும்பி வருவதற்குள் சிம்ப்சன் மறைந்துவிடுகிறான். நள்ளிரவு கடந்து ஒரு மணிக்கு ஸ்ட்ரேக்கர் எழுந்து உடுத்துவதை அவர் மனைவி பார்க்கிறாள். குதிரைகளை நினைத்துத் தூக்கம் வரவில்லை என்று சொல்லிவிட்டு, கொட்டும் மழையில் அவர் வெளியே போகிறார். விடிந்து பார்த்தால் லாயத்தின் கதவு திறந்து கிடக்கிறது. ஹண்டர் அபின் மயக்கத்தில் கிடக்கிறான். குதிரையைக் காணவில்லை. கால் மைல் தொலைவில் ஒரு பள்ளத்தில், மண்டை உடைந்து, தொடையில் வெட்டுக் காயத்துடன் ஸ்ட்ரேக்கர் இறந்து கிடக்கிறார். அவர் கையில் இருந்த கழுத்துத் துணி சிம்ப்சனுடையது. ஆய்வாளர் கிரிகரி சிம்ப்சனைக் கைது செய்கிறார்.

கிரிகரி திறமையற்றவர் அல்லர். ஹோம்ஸே அவரைத் திறமைசாலி என்று ஒப்புக்கொள்கிறார். கற்பனை வளம் மட்டும் வாய்த்திருந்தால் அவர் மிக உயர்ந்திருப்பார் என்பதே ஹோம்ஸின் கணிப்பு. கற்பனை என்ற இச்சொல்லை இங்கே கவனமாகப் பொருள்கொள்ள வேண்டும். இல்லாததைப் புனைந்து சொல்வது என்ற பொருளில் ஹோம்ஸ் அதைக் கையாளவில்லை. ஒரு விளக்கம் உண்மையாக இருந்தால் அதோடு வேறு எவையெல்லாம் நடந்திருக்க வேண்டும் என்று மனத்துக்குள் வரைந்து பார்க்கும் ஆற்றலையே அவர் குறிக்கிறார். இன்மைத் தடயத்தின் வேர் அந்த ஆற்றலில்தான் இருக்கிறது.

சிம்ப்சனே குற்றவாளி என்று வைத்துக்கொண்டு அந்த இரவை வரைந்து பார்ப்போம். அயலான் ஒருவன் நள்ளிரவில் லாயத்துக்குள் நுழைகிறான், குதிரையை அவிழ்க்கிறான், வெளியே நடத்திச் செல்கிறான். உள்ளே நாய் இருக்கிறது. அது உரக்கக் குரைத்திருக்கும், அந்த ஓசையில் பரணில் இருந்த பையன்கள் விழித்திருப்பார்கள். ஆனால் அவர்களோ எதுவும் கேட்கவில்லை என்கிறார்கள். வரைந்த படத்துக்கும் நடந்ததற்கும் இடையில் ஓர் ஓட்டை விழுகிறது. இனி, வந்தவர் நாய்க்கு நன்கு பழகியவர் என்று வைத்துக்கொண்டு மறுபடி வரைந்து பார்த்தால், நாய் வாலை ஆட்டிவிட்டுப் படுத்துக்கொள்ளும். அமைதி அந்தப் படத்தில் இயல்பாகப் பொருந்துகிறது. மழையில் வெளியே போன ஸ்ட்ரேக்கரே தன் பொறுப்பில் இருந்த குதிரையை ஓட்டிச் சென்றவர். குதிரையின் பின்தொடைத் தசைநாணில் கண்புரை அறுவைக்கான நுண்ணிய கத்தியால் வெளியே தெரியாத ஒரு கீறல் போட்டு, பந்தயத்தில் அது நொண்டும்படி செய்வதே அவர் திட்டம். மிரண்ட குதிரை உதைத்ததில் அவர் உயிர் போனது.

இந்தத் தர்க்கத்தின் ஆணிவேரைக் காண டார்ட்மூர் வரை போக வேண்டியதில்லை. மார்கழி விடியலில் நாள்தோறும் ஒரே தெருவில் நடப்பவர், ஒரு வீட்டு வாசலில் மட்டும் கோலம் இல்லாததைப் பார்த்தால், அந்த வீட்டார் ஊருக்குப் போயிருக்கிறார்கள் அல்லது அங்கே ஏதோ துக்கம் நேர்ந்திருக்கிறது என்று யாரும் சொல்லாமலே புரிந்துகொள்கிறார். அதே தெருவில் என்றுமே கோலம் போடாத வீடு ஒன்று இருக்கலாம். அங்கும் வாசல் வெறுமையாகத்தான் இருக்கிறது, ஆனால் அந்த வெறுமை எதையும் சொல்வதில்லை. கண்ணுக்கு இரண்டு வாசல்களும் ஒன்றுதான். வேறுபாடு பார்ப்பவரின் எதிர்பார்ப்பில் இருக்கிறது, அந்த எதிர்பார்ப்புக்கு அடிப்படையோ பல நாள் பழக்கத்தில் அவர் திரட்டிய அறிவு. தெருவுக்குப் புதிதாக வந்தவர் இரண்டையும் ஒன்றாகவே காண்பார். இன்மை தானாகப் பேசுவதில்லை; இருந்திருக்க வேண்டும் என்ற நியாயமான எதிர்பார்ப்பு முன்னால் இருந்தால்தான் அது பேசத் தொடங்குகிறது.

அளவின் அடிப்படையிலும் இதைச் சொல்லிப் பார்க்கலாம். ஒரு பேச்சுக்காக, அயலார் நுழையும் 10 இரவுகளில் 9 இரவுகள் நாய் குரைக்கும் என்றும், வீட்டார் நுழையும் 10 இரவுகளில் ஓர் இரவு மட்டுமே குரைக்கும் என்றும் கொள்வோம். அப்படியானால் அமைதி அயலார் வந்த 10 இரவுகளில் 1 முறையும், வீட்டார் வந்த 10 இரவுகளில் 9 முறையும் நேரும். ஆகவே, மற்றவை சமமாக இருக்கும்போது, அமைதியான ஓர் இரவு 'வீட்டார்' என்ற பக்கம் ஒன்பது மடங்கு சாய்கிறது. மாறாக, யார் வந்தாலும் சோம்பிக் கிடக்கும் நாயாக இருந்தால் இரு பக்கமும் சமமாகிவிடும், அமைதியிலிருந்து ஒன்றும் கிடைக்காது. 'நாய் குரைக்கவில்லை' என்ற அதே செய்தி முதல் நாயிடமிருந்து வந்தால் தடயம், இரண்டாம் நாயிடமிருந்து வந்தால் வெறும் தகவல்.

ஹோம்ஸ் தீக்குச்சியைக் கண்டெடுக்கும் இடம் இதோடு நேராக இணைகிறது. ஸ்ட்ரேக்கர் இறந்து கிடந்த பள்ளத்தின் சேற்றில், பாதி எரிந்த மெழுகுத் தீக்குச்சி ஒன்றை ஹோம்ஸ் எடுத்துக் காட்டுகிறார். அதை எப்படிப் பார்க்காமல் விட்டேன் என்று கிரிகரி வருந்துகிறார். தேடியதால்தான் கண்ணில் பட்டது என்கிறார் ஹோம்ஸ். இருளில் நுண்ணிய வேலை செய்ய வந்தவன் வெளிச்சம் ஏற்றியிருக்க வேண்டும் என்று அவர் மனத்தில் முன்பே ஒரு படம் இருந்தது. அங்கே எதிர்பார்ப்பு இருக்கும் பொருளைக் காட்டியது, நாய் விஷயத்தில் இல்லாத ஓசையைக் காட்டியது. இரண்டும் ஒரே மனப் பழக்கத்தின் விளைவுகள்.

இவ்வளவு கூர்மையான மனிதருக்கும் இதே கதையில் ஒரு சறுக்கல் நேர்கிறது. அதைப் பலரும் கவனிப்பதில்லை. செவ்வாய் மாலையே உதவி கேட்டுத் தந்தி வந்தும், ஹோம்ஸ் வியாழக்கிழமை வரை புறப்படவில்லை. இங்கிலாந்திலேயே பெயர்பெற்ற குதிரையை மக்கள் நடமாட்டம் குறைந்த ஒரு நிலப்பகுதியில் நீண்ட நேரம் மறைத்து வைக்க முடியாது, எந்த நேரத்திலும் அது கிடைத்த செய்தி வந்துவிடும் என்று காத்திருந்தது தன் பிழை என அவரே ரயிலில் வாட்சனிடம் ஒப்புக்கொள்கிறார். சிம்ப்சனின் கைதைத் தவிர வேறு செய்தியே வராமல் போனபோதுதான் அவர் எழுந்தார். வராத செய்தி, எதிர்பார்ப்பில் தவறு இருக்கிறது என்று அவருக்கே உணர்த்திய இன்மைத் தடயம். பக்கத்து லாயத்துக்காரர் ஒருவர் குதிரையைப் பிடித்து அடையாளம் மாற்றி ஒளித்து வைத்திருந்தார் என்பது பின்னர் தெரியவருகிறது.

இனி இம்முறை வழுக்கும் இடத்துக்கு வருவோம். பரணில் உறங்கிய பையன்கள் இருவரும் ஆழ்ந்து உறங்கும் பழக்கம் உடையவர்கள் என்று கதை வெளிப்படையாகவே சொல்கிறது. நாய் குரைத்தும் அவர்கள் விழிக்கவில்லை என்று ஒருவர் வாதிட்டால் என்ன செய்வது? நாய் அறவே குரைக்கவில்லை என்பதற்கு நேரடிச் சாட்சி யாரும் இல்லை. காவலிருந்தவன் மயக்கத்தில் இருந்தான். பையன்களை எழுப்பும் அளவுக்கு நாய் குரைக்கவில்லை என்பதே ஹோம்ஸின் கவனமான கூற்று. எனவே ஓர் இன்மையைத் தடயமாகக் கொள்வதற்கு முன், அது நிகழ்ந்திருந்தால் கவனிக்கக்கூடிய ஒருவர் அங்கே இருந்தாரா என்று கேட்டாக வேண்டும். கேட்கும் காது இல்லாத இடத்தில் அமைதியும் ஆரவாரமும் ஒன்றுதான். தேடாத ஒருவர் 'காணவில்லை' என்று சொல்வதற்கும் இதே குறை உண்டு.

இந்த ஓட்டையை ஹோம்ஸ் எப்படி அடைக்கிறார் என்பது மிக அழகான பகுதி. நாயின் மௌனம் அவருடைய முதல் தடயமும் அன்று, ஒரே தடயமும் அன்று. அவர் முதலில் பிடித்துக்கொண்டது ஹண்டரின் இரவு உணவை. அன்று சமைத்தது மசாலா சேர்த்த ஆட்டுக்கறி. அபின் பொடிக்குத் தனிச் சுவை உண்டு, சாதாரண உணவில் கலந்தால் உண்பவர் உடனே கண்டுபிடித்துவிடுவார். காரமும் மணமும் உள்ள கறியில் அது மறைந்துவிடும். அபினைக் கையில் வைத்துக்கொண்டு வந்த அதே இரவில், அதை மறைக்கக்கூடிய கறியே அந்த வீட்டில் தற்செயலாகச் சமைக்கப்பட்டிருந்தது என்று நம்புவது கடினம், அயலானான சிம்ப்சனால் அந்தச் சமையலைத் தீர்மானித்திருக்கவும் முடியாது. அதைத் தீர்மானிக்கக் கூடியவர்கள் ஸ்ட்ரேக்கரும் அவர் மனைவியும் மட்டுமே. இங்கும் ஓர் இன்மை உதவுகிறது: அதே கறியை உண்ட மற்றவர்கள் யாருக்கும் மயக்கம் வரவில்லை. ஆகவே ஹண்டரின் பங்கைத் தனியே எடுத்து வைத்த பிறகுதான் அபின் கலக்கப்பட்டது. இப்படிச் சமையலறை வழியாக வீட்டுக்குள் சுட்டிய விரலை நாயின் மௌனம் மேலும் உறுதியாக்குகிறது. தனியே நின்றால் தடுமாறக்கூடிய தடயம், இன்னொன்றின் தோளில் கைபோட்டு நிற்கிறது.

தொலைக்காட்சியில் இக்கதையைச் சொல்வது எழுத்தில் சொல்வதைவிடக் கடினம் என்பதையும் புதிய பார்வையாளர் அறிந்திருப்பது நல்லது. திரையில் ஒரு நாயைக் குரைக்க வைப்பது எளிது. அது குரைக்காமல் இருப்பதைப் பார்வையாளர் கவனிக்கும்படி செய்வது அரிது, ஏனெனில் காட்சிக்குப் பின்னணி இசையும் மழை ஓசையும் நம் காதை நிரப்பிவிடுகின்றன. எதிர்பார்ப்பை முன்கூட்டியே விதைத்தால் ஒழிய இன்மை உறைக்காது. அதனால்தான் சிம்ப்சன் ஜன்னலருகே வந்த மாலைச் சம்பவம் கதைக்கு இன்றியமையாதது. லாயத்தில் நாய் இருப்பதைத் தனக்குத் தெரிவித்தது அச்சம்பவமே என்று ஹோம்ஸ் முடிவில் கூறுகிறார். நமக்கும் அது அப்போதே தெரிவிக்கப்பட்டுவிட்டது. ஹோம்ஸிடம் இருந்த செய்தி நம்மிடமும் இருந்தது, நாம் அதைத் தொடுத்துப் பார்க்கவில்லை. துப்பறியும் கதை வாசகருக்குக் காட்டும் நேர்மை என்று இதைத்தான் சொல்ல வேண்டும்.

இந்தச் சிந்தனைமுறைக்குத் தமிழில் பழைய பெயர்கள் இருக்கின்றன. மணிமேகலையின் 27ஆம் காதையில் வைதிகவாதி எடுத்துரைக்கும் பத்து அளவைகளில், அதாவது உண்மையை அறியும் வழிகளில், அபாவம் ஒன்று. ஒரு பொருள் ஓரிடத்தில் இல்லை என்று அறிவதை அது குறிக்கும். 13ஆம் நூற்றாண்டின் சிவஞான சித்தியாரும் தன் அளவைப் பகுதியில் அபாவத்தை எண்ணுகிறது. இரு நூல்களும் அருத்தாபத்தி என்ற இன்னோர் அளவையையும் கூறுகின்றன. மீமாம்சை என்னும் தத்துவ மரபினர் அதற்குத் தரும் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு இது: தேவதத்தன் பகலில் உண்பதில்லை, ஆயினும் பருத்திருக்கிறான்; ஆகவே அவன் இரவில் உண்கிறான். ஹோம்ஸின் முடிவை இக்கருவிகளால் பிரித்தால், குரைப்பு இல்லை என்று அறிந்தது அபாவம், குரைப்பும் இல்லாமல் குதிரையும் வெளியேறியிருக்கிறது என்ற முரண் தீர வேண்டுமானால் வந்தவர் பழகியவராகவே இருக்க வேண்டும் என்று கொண்டது அருத்தாபத்தி. இரண்டு படிகளையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளாமல் இருக்க இப்பிரிவு பெரிதும் உதவுகிறது.

கதைக்கு வெளியிலும் இம்முறை பயன்பட்டிருக்கிறது. சோவியத் இயற்பியலாளர் ஜார்ஜி ஃபிளியோரோவ், அணுக்கரு தானாகவே பிளவுறுவதை 1940இல் இன்னொருவருடன் சேர்ந்து கண்டறிந்தவர். போர்ப் பணியில் இருந்த அவர் 1942இல் வொரோனெஷ் நகரப் பல்கலைக்கழக நூலகத்தில் வெளிநாட்டு இதழ்களைப் புரட்டியபோது, அமெரிக்காவிலிருந்தும் பிரிட்டனிலிருந்தும் முன்பு பெருகி வந்த யுரேனியப் பிளவு பற்றிய கட்டுரைகள் அடியோடு நின்றுபோயிருந்ததைக் கண்டார். அத்துறையின் பெரிய பெயர்களையும் காணவில்லை. அவர்கள் ஆய்வைக் கைவிடவில்லை, இரகசியமாக்கிவிட்டார்கள் என்ற முடிவுக்கு வந்து, அணுகுண்டு ஆய்வைத் தொடங்கும்படி 1942 ஏப்ரலில் ஸ்டாலினுக்குக் கடிதம் எழுதினார். அவருடைய ஊகம் சரியாகவே இருந்தது. அத்துறையின் இதழ்களை முன்பிருந்தே படித்து வந்தவர் என்பதால்தான் அந்த வெற்றிடம் அவர் கண்ணில் பட்டது.

அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் இந்த நாய் சர்ச்சைக்கு உள்ளானது. 1980இல் ஹாரிசன் எதிர் பிபிஜி இண்டஸ்ட்ரீஸ் வழக்கில், சட்டத்தில் அவ்வளவு பெரிய மாற்றம் செய்யும் எண்ணம் நாடாளுமன்றத்துக்கு இருந்திருந்தால் விவாதத்தில் யாராவது அதைப் பற்றிப் பேசியிருப்பார்கள், காவல்நாய் குரைக்காததைத் துப்பறிவாளர்களைப் போல நீதிபதிகளும் கணக்கில் கொள்ளலாம் என்று நீதிபதி ரென்குவிஸ்ட் மாறுபட்ட தீர்ப்பில் எழுதினார். ஷெர்லாக் ஹோம்ஸைப் போல் நீதிமன்றம் குரைக்காத நாயைப் பின்தொடர முடியாது என்று பெரும்பான்மைத் தீர்ப்பு அதை மறுத்தது. 1991இல் சிஸம் எதிர் ரோமர் வழக்கில், வாக்குரிமைச் சட்டம் தேர்தல் மூலம் பதவிக்கு வரும் நீதிபதிகளுக்கும் பொருந்துமா என்ற கேள்வி எழுந்தபோது, பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதிபதி ஸ்டீவன்ஸ் அதே நாயைத் துணைக்கு அழைத்தார். அவர்களை விலக்கும் எண்ணம் இருந்திருந்தால் யாரேனும் வாய் திறந்திருப்பார்கள் என்பது அவர் வாதம்.

அதற்கு மறுப்பெழுதிய நீதிபதி ஸ்காலியா, முக்கியமான ஒன்று நடக்கும்போது நாய்கள் குரைத்தே தீரும் என்று கொள்வது அறிவுடைமையா என்று கேட்டு, ரோமானிய வரலாற்றாசிரியர் லிவியைச் சுட்டினார். கால் (Gaul) என்ற இனத்துப் படையினர் ரோமின் கேப்பிட்டல் குன்றில் நள்ளிரவில் ஏறியபோது, முற்றிலும் அயலாரான அவர்களைக் கண்டும் காவல்நாய்கள் குரைக்கவில்லை என்று லிவி எழுதுகிறார். ஜூனோ தேவதைக்கு உரியவை என்பதால் பஞ்ச காலத்திலும் கொல்லப்படாமல் விடப்பட்டிருந்த வாத்துகள்தான் அன்று கத்திக் காவலர்களை எழுப்பின.